லேபிள் இல்லாத ஐந்து புட்டிகள்

மூக்கண்டப்பள்ளி திம்மப்பனுக்கு ஊரில் ஒருத்தரைக் கண்டாலும் ஆகாது. ராகிக் களியைக் கண்டால் ஆகாது, அதைக் கிண்டிப் போடும் பெண்டாட்டியைக் கண்டால் ஆகாது, டீயைச் சாஸரில் ஊற்றிச் சர்ரென்று உறிஞ்சுகிறவனைக் கண்டால் சுத்தமாக ஆகாது. எதிரே யாராவது வந்தால் மூக்கைச் சுளித்துக்கொண்டு வேலியோரம் ஒதுங்கிப் போவார். ஊராருக்கு இது பெரிய வேடிக்கை. அந்த ஊரில் மற்றவர்களைக் கண்டு ஒதுங்கிப் போக வேண்டிய ஜனத்தில் பிறந்தவரே அவர்தான்.

அப்பா மணியக்காரர் வீட்டுப் பண்ணையாள். தாத்தாவும் அப்படியே. திம்மப்பன் மட்டும் பதினாறு வயதில் ஒருநாள், மேய்த்த மாடுகளைத் தனியாக வீட்டுக்கு விரட்டிவிட்டு, பெங்களூர் ரோட்டைப் பிடித்து நடந்துவிட்டார். ஜனங்கள் தண்டு என்று சொல்லும் கன்டோன்மென்ட்டில், வெள்ளைக்கார ராணுவ அதிகாரிகளின் மெஸ்ஸில் தட்டுக் கழுவச் சேர்ந்தார். பிறகு கண்ணாடிக் கோப்பை துடைத்தார், மேசை போட்டார், கடைசியில் ஒயின் பட்லர் ஆனார். மொத்தம் இருபத்திரண்டு வருஷம். வெள்ளைக்காரன் மூட்டை கட்டியபோது மெஸ்ஸையும் இழுத்துப் பூட்டினார்கள். வெள்ளைக் கோட்டு ஒன்று, அதில் பித்தளைப் பொத்தான்கள் எட்டு, தலைக்குள் ஒரு நிலவறை நிறையப் புட்டிகள். இவ்வளவுதான் அவர் ஊருக்குக் கொண்டுவந்த சொத்து.

வந்து சேர்ந்த இடத்தையாவது பார்த்து வந்தாரா மனிதர்? சேலம் ஜில்லா! மாகாணத்திலேயே முதன்முதலாக மதுவிலக்கு வந்த ஜில்லா. வடக்கே நாலைந்து மைலில் அத்திப்பள்ளி தாண்டினால் மைசூர் ராஜ்யம், அங்கே கடை திறந்து கிடக்கும். இந்தப் பக்கம் ஒரு காலிப் புட்டியை முகர்ந்து பார்த்தாலும் போலீஸ்காரன் பிடரியில் கை வைப்பான். அவர் கற்ற வித்தைக்கு அந்த ஜில்லாவில் ஒரு சொட்டு வேலை கிடையாது. மணியக்காரர் நிலத்தில் கல் பொறுக்கப் போனார். கோட்டைப் போட்டுக்கொண்டு போனார் என்று சொல்வார்கள். அது பொய். ஆனால் யாரும் நம்பாமல் இருந்ததில்லை.

கோவிந்தனின் டீக்கடையில் அவரைச் சீண்டுவதுதான் சாயங்காலப் பொழுதுபோக்கு. கோவிந்தனே ஆரம்பித்து வைப்பான்.

"ஏம்ப்பா திம்மப்பா, சாம்பெயினு சாம்பெயினுங்கறாங்களே, அது என்னாதான்? நம்ம கோலி சோடா மாதிரிதானே பொங்கும்?"

"உனுக்கு அப்பிடித்தான் தெரியும். நொரை வந்தா போதும், உங்களுக்கு எல்லாம் ஒண்ணுதான்."

இதைச் சொல்லிவிட்டு எழுந்து போயிருந்தால் மரியாதை. போக முடியாது. யாராவது கேட்டுவிட்டால் அவருக்கு வாய் நிற்காது. கேட்பவன் எருமை என்று தெரிந்தே எருமைக்கு வகுப்பு எடுப்பார்.

"ஷாம்பெயின்ங்கறது ஒரு சீமை. பிரான்சு தேசத்துல இருக்குது. அந்த மண்ணுல வெளஞ்ச திராட்சைய அங்கியே செஞ்சாத்தான் அந்தப் பேரு. பக்கத்து ஊர்க்காரன் செஞ்சாக்கூட வெக்கப்படாது. மொதல்ல ஒயினு. அத புட்டில ஊத்தி, துளி சக்கரையும், கள்ளு பொங்குதே அந்த மாதிரிப் பொங்கறதுக்கு ஒரு சரக்கும் போட்டு அடைச்சிருவான். புட்டிக்குள்ளாறயே ரெண்டாந்தடவ பொங்கும். மண்டி தங்கும். அப்புறம் புட்டிய பலகை ஓட்டைல தலைகீழா சொருகி, தெனம் ஒருத்தன் வந்து அரைக்கால் திருகு திருகுவான். மண்டியெல்லாம் கழுத்துக்கு எறங்கணும். எறங்கினதும் கழுத்த மட்டும் ஐஸ்ல உறைய வெச்சுத் தொறந்தா மண்டி கட்டியா வெளிய தெறிச்சிரும். மிச்சம் இருக்கறது கண்ணாடி மாதிரி நிக்கும்."

"தெனம் திருகறதுக்கு ஒரு ஆளா? அவனுக்கு வேற வேலவெட்டி இல்லியா?" என்பான் கோவிந்தன். கடையே சிரிக்கும்.

திம்மப்பன் சிரிக்க மாட்டார். மற்றதையும் சொல்லி முடிப்பார். இத்தாலிக்காரன் செய்வது அஸ்தி. பெரிய பீப்பாயில் மொத்தமாகப் பொங்க வைப்பது. பன்னீர் திராட்சை வாசம், இனிப்பு, பெண்பிள்ளைகளுக்கு ஊற்றுவது. ஜெர்மன்காரன் செய்வது செக்ட். பச்சை ஆப்பிளைக் கடித்த மாதிரி இருக்கும். பிரான்சிலேயே பர்கண்டிச் சீமையிலும் நுரைக்கிற சரக்கு ஒன்று உண்டு, அது சிவப்பு. அதைக் கேட்டு வாங்கும் அதிகாரிக்கு அந்த வருஷம் பதவி உயர்வு வராது. ஒயினில் சோடா மாதிரி காஸை அடைத்து விற்கும் திருட்டுச் சரக்கு ஒன்று. அதைப் பற்றிப் பேசினால் வாய் கொப்பளிக்க வேண்டும். கடைசியாக சைடர். ஆப்பிள் ரசத்தைப் புளிக்க வைத்தது, ஒயினே கிடையாது. ஆனால் பித்தலாட்டக்காரர்கள் அதை ஷாம்பெயின் புட்டி போலவே தடித்த பச்சைப் புட்டியில் அடைத்து, தங்கக் காகிதம் சுற்றி அனுப்புவார்கள். புது லெப்டினன்ட்டுகள் அதைக் குடித்துவிட்டு 'ஆகா, ஷாம்பெயின்' என்று கண்ணை மூடுவதை அவர் எத்தனை தரம் பார்த்திருக்கிறார்! லேபிளில் 'எக்ஸ்ட்ரா டிரை', அதாவது இனிப்பே இல்லை என்று எழுதியிருப்பது வெறும் 'ப்ரூட்' என்று எழுதியிருப்பதைவிட இனிக்கும் என்பதுகூடத் தெரியாமல் நாட்டை ஆள வந்துவிட்டார்கள்.

இருபத்திரண்டு வருஷத்தில் அவர் ஒரு புட்டியைத் தப்பாகச் சொன்னதில்லை. இருட்டில் தடவிச் சொல்வார். அவருடைய பெருமை முழுவதும் அதுதான். வேறு பெருமை அவருக்கு யாரும் வைக்கவில்லை.

ஆனால் அவர் டீக்கடையில் சொல்லாத ஒன்று இருந்தது. அவருக்குத் தெரிந்த ருசியெல்லாம் எச்சில் ருசி. விருந்து முடிந்து கோப்பைகளை எடுத்து வரும்போது அடியில் ஒரு விரற்கடை கிடக்கும். குளிர்ச்சி போய், நுரை அடங்கி, விளிம்பில் துரைசானியின் உதட்டுச் சாயத்தோடு. பாத்திர அறையில் யாரும் பார்க்காதபோது வாயில் விட்டு, நாக்கில் உருட்டி, துப்பாமல் விழுங்கிக் கற்ற படிப்பு. குளிரக் குளிர, தன் கையால் திறந்து, முதல் கோப்பையை ஒருநாளும் குடித்ததில்லை. அந்த ஆசை அவருக்குள் முள் மாதிரிக் கிடந்தது.

பெண்டாட்டி சென்னம்மாவின் ஆசை வேறு. வீடு.

வீடு என்றால் என்ன வீடு! மணியக்காரரின் கல்லுக்காட்டில் ஒரு மூலையில், அவர் போ என்றால் போக வேண்டிய குடிசை. அதன் சுவரைச் சென்னம்மா தன் தலையால் மண் சுமந்து எழுப்பினாள். புருஷன் தண்டில் துரைமாருக்குக் கோப்பை துடைத்துக்கொண்டிருந்த வருஷங்களில் இரண்டு தடவை மழையில் இடிந்தது, இரண்டு தடவையும் அவளே எழுப்பினாள். முருங்கை வைத்தாள், கோழி வளர்த்தாள். "செத்தா இந்த வாசல்ல இருந்துதான் என்னைத் தூக்கணும்" என்பாள். மணியக்காரர் நினைத்தால் அதுகூட நடக்காது.

ஐம்பத்து நாலாம் வருஷம் மாசியில் ஆணிக் கம்பெனித் துரை ஒருத்தன் பெங்களூரிலிருந்து வந்து அந்தக் கல்லுக்காட்டைச் சுற்றிப் பார்த்தான். ஆணி செய்யும் தொழிற்சாலை போட வேண்டுமாம். வெயிலுக்குக் கோவிந்தன் கடையில் நின்று கோலி சோடாவை அண்ணாந்து மடக் மடக்கென்று குடித்து, புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டான். திம்மப்பன் அதைப் பார்த்தார். தூ, இவனும் ஒரு துரையா என்று அன்றைக்கே அவனைத் தலைமுழுகிவிட்டார்.

மணியக்காரருக்கோ தலைகால் புரியவில்லை. ஒன்றுக்கும் உதவாத கல்லுக்காடு விலை போகப் போகிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாந்தோப்பில் துரைக்கு விருந்து என்று முடிவாயிற்று. விருந்தென்றால் ஷாம்பெயின் வேண்டும் என்று யாரோ ஓதினார்கள். மதுவிலக்கைக் காப்பாற்ற வேண்டிய கிராம அதிகாரியே மணியக்காரர்தான் என்பது அன்றைக்கு யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

அவர் மச்சான் சென்னப்பன் பெங்களூர் போனான். நுரைக்கிற சரக்கு எது இருந்தாலும் ஒவ்வொன்று கொடு என்று கடைக்காரனிடம் கேட்டு ஆறு புட்டிகள் வாங்கினான். அத்திப்பள்ளியில் போலீஸ் சோதனை இருக்கும் என்று மாலூர் பக்கம் சுற்றி, பேரிகை வழியாக, முட்டைக்கோசு ஏற்றிய மாட்டு வண்டியில் ஒளித்துக் கொண்டுவந்தான். அதோடு நிறுத்தினானா? அவனுக்கு அறிவு பொங்கிவிட்டது. மாலூர் ஏரிக்கரையில் உட்கார்ந்து ஆறு புட்டிகளின் லேபிளையும் ஊறவைத்து உரித்தான். கழுத்தில் இருந்த தங்கக் காகிதத்தையும், கார்க்கைக் கட்டியிருந்த கம்பியையும் சர்க்கார் சீல் என்று நினைத்துப் பிய்த்தெறிந்தான். "சீல் இருந்தாத்தானே சாராயம்? இல்லாட்டி மருந்துன்னு சொல்லிக்கலாம்" என்பது அவன் சட்டஞானம். கம்பி போனதும் கார்க்குகள் மெல்ல மேலே எழும்ப ஆரம்பித்தன. சணலால் இறுக்கிக் கட்டினான். பேரிகைக்கு முன்னால் ஒரு பள்ளத்தில் வண்டி இறங்கியபோது ஒன்று வெடித்தது. வண்டிக்காரன் துப்பாக்கி என்று நினைத்துக் கொள்ளுக் காட்டுக்குள் ஓடினவன், பொழுது சாயும் மட்டும் திரும்பவில்லை.

ஐந்து புட்டிகள் வந்து சேர்ந்தன. ஐந்தும் மொட்டை. எது எதுவென்று வாங்கினவனுக்கும் தெரியாது, வாங்கச் சொன்னவருக்கும் தெரியாது.

திம்மப்பனுக்கு ஆள் வந்தது. மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் நிற்க வைத்துப் பேசினார் மணியக்காரர்.

"டேய் திம்மா, நீ பெரிய பட்லருன்னு பீத்திக்கினு திரியறியே, இதுல எதுடா நெசமான ஷாம்பெயினு? அத்தத்தான் மொதல்ல தொரைக்கி ஊத்தணும். மூடியத் தொறக்கப்படாது. வாய வெக்கப்படாது. நீ வாய வெச்சத நான் எப்பிடிடா தொரைக்கிக் குடுப்பேன்?"

தண்டில் துரைமார் இருபத்திரண்டு வருஷம் என் கையால்தானேடா குடித்தார்கள் என்று திம்மப்பன் மனசுக்குள் சொன்னார். வெளியே, "ஆகட்டும் சாமி" என்றார்.

"நாயித்துக்கெழம நீதான் பரிமாறணும். இங்கிலீசு பேசறது இங்க நீ ஒருத்தன்தான், தொரை சொல்றத எனக்கும் சொல்லணும். காரியம் நல்லபடியா முடிஞ்சா, உன் குடிசை இருக்கற எடத்த விட்டுட்டு மத்தத விக்கறேன். அந்த எடம் உன் பேருக்கு. கணக்குப்பிள்ள பத்திரம் எழுதி வெச்சிருப்பாரு, அன்னைக்கே கையெழுத்துப் போடறேன். காரியம் கெட்டுதோ, அன்னைக்கே குடிசையப் பிரிச்சுக்கினு கெளம்பு."

சென்னம்மா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று இதைக் கேட்டாள். சாயங்காலம் வீட்டுச் சுவரை ஒருதரம் சாணியால் மெழுகினாள்.

புட்டிகளை வெயிலில் வரிசையாக வைத்துப் பார்த்தார் திம்மப்பன். ஒன்றைத் தூக்கிச் சூரியனுக்கு நேரே பிடித்தார், உள்ளே செக்கச்செவேல். பர்கண்டி, கழுதை. ஒன்று கைக்கு இலேசாக இருந்தது, கார்க்கைச் சுற்றிக் கசிந்த ஈரத்தில் பன்னீர் திராட்சை மணத்தது. அஸ்தி. இன்னொன்றின் கழுத்து ஒல்லி, பசைத் தடம் நீளவாக்கில் இருந்தது. செக்ட். மீதி இரண்டு ஒரே அச்சு. கனம், தடிப்பு, கரும்பச்சை. எந்த லெப்டினன்ட்டும் இங்கேதான் விழுவான். திம்மப்பன் புட்டிகளைக் கவிழ்த்து அடிக்குழியில் கட்டை விரலை விட்டார். ஒன்றில் விரல் பாதியோடு நின்றது. சைடர். மற்றொன்றில் அடிவரை போயிற்று. மெல்லச் சாய்த்தார், குமிழிகள் கடுகைவிடச் சிறியதாக, அவசரமே இல்லாமல் நூல் பிடித்தாற்போல் எழுந்தன. ஏழு வருஷத்துக்குப் பிறகு கையில் ஷாம்பெயின்.

"எதுடா?" என்றார் மணியக்காரர்.

அந்த நிமிஷத்தில் திம்மப்பன் தன் எதிரே நின்றவரைப் பார்த்தார், வாயைப் பிளந்து நின்ற மச்சானைப் பார்த்தார், சோடாவை அண்ணாந்து குடித்த துரையை நினைத்தார். இந்த மூன்று பன்றிகளுக்கா இது?

"இதுதான் சாமி ஷாம்பெயினு" என்று சைடர் புட்டியை முன்னால் நகர்த்தினார். "இந்த அஞ்சாவது ஆப்பிள் தண்ணி. தொரைமாருங்க தொடமாட்டாங்க. வேலக்காரங்களுக்கு ஊத்தறது."

"அப்ப அந்தக் கண்றாவிய நீயே எடுத்துக்கோ" என்றார் மணியக்காரர், பெரிய தருமப்பிரபு மாதிரி.

எடுத்துக்கொண்டார். ஈரச்சாக்கில் சுற்றி, தோப்புக் கிணற்றில் ஓரமாக, தனியாகக் கயிறு கட்டி இறக்கினார். விருந்து முடியட்டும், பத்திரம் கைக்கு வரட்டும். பிறகு தன் சொந்த வாசலில் உட்கார்ந்து, குளிரக் குளிர, முதல் கோப்பை. ஆபத்து என்று அவருக்கு ஒரு கணமும் தோன்றவில்லை. வித்தியாசம் தெரிந்தவன் ஒருத்தன் இந்த ஜில்லாவில் இருக்கிறான் என்றால் அது அவர்தானே.

ஞாயிற்றுக்கிழமை மாந்தோப்பில் பந்தல். பூவெல்லாம் பிஞ்சாகிக்கொண்டிருந்தது. திம்மப்பன் எட்டுப் பொத்தானையும் புளி போட்டுத் தேய்த்து மாட்டியிருந்தார். டீ போட வந்த கோவிந்தன் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளையாட்டம் இருக்கியேப்பா" என்றான். திம்மப்பன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இலை கழுவும் பெண்களோடு சென்னம்மா கிணற்றடியில் இருந்தாள்.

கார் வந்தது. துரை இறங்கினான். அவன் பின்னாலேயே ஒரு துரைசானியும் இறங்கினாள். அவள் வருவாள் என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. நாற்பது வயது இருக்கும், சாதாரணப் பருத்தி கவுன், கையில் மோதிரம்கூட இல்லை. ஆணி வியாபாரிக்கு ஏற்ற பெண்டாட்டி என்று திம்மப்பன் ஒரே பார்வையில் அவளையும் ஒதுக்கித் தள்ளினார்.

கணக்குப்பிள்ளை ஓரமாகப் பத்திரங்களோடு உட்கார்ந்திருந்தார். திம்மப்பன் புட்டியைத் துணியால் பிடித்து, சணலை அவிழ்த்து, கார்க்கை அசையாமல் பற்றிக்கொண்டு புட்டியை மட்டும் திருகினார். ஒரு பெருமூச்சு மாதிரிச் சத்தம், அவ்வளவுதான்.

"வெடிக்கவே இல்லியே?" என்றான் சென்னப்பன், ஏமாந்துபோய்.

துரை வாங்கி மடக்கென்று குடித்தான். "பிரமாதம்!" என்றான். திம்மப்பனுக்கு உள்ளுக்குள் அப்படி ஒரு சிரிப்பு. பார்த்தாயா, சொன்னேனா?

துரைசானி குடிக்கவில்லை. கோப்பையின் காலைப் பிடித்து வெளிச்சத்தில் உயர்த்தினாள். குமிழிகளைப் பார்த்தாள். மூக்கருகே கொண்டுபோனாள். பிறகு ஒரு துளி நாக்கில் வைத்து, கோப்பையை மேசையில் வைத்துவிட்டாள். அந்தப் பிடியைத் திம்மப்பனுக்குத் தெரியும், ருசி அறிந்தவர்கள் பிடிக்கிற பிடி.

அவள் புருஷனிடம் இங்கிலீஷில் சொன்னாள், கொஞ்சம் பிரெஞ்சு வாடையோடு: "இது ஆப்பிள். ஷாம்பெயின் என்று சொல்லி நமக்கு ஆப்பிளை ஊற்றுகிறார்கள். என் அப்பா முப்பது வருஷம் ஷாம்பெயின் நிலவறையில் புட்டி திருகினவர், எனக்கா தெரியாது? புட்டியில் பொய் சொல்கிற ஆள் நிலத்தில் என்னதான் சொல்லமாட்டார்? பத்திரத்தைப் பார்க்கவே வேண்டாம், கிளம்பலாம்."

தினம் ஒருவன் வந்து திருகுவான் என்று ஏழு வருஷமாக டீக்கடையில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பு வாங்கினாரே, அந்த ஒருவனின் மகள்! உலகத்தில் திம்மப்பன் பேச ஆசைப்பட்ட ஒரே மனுஷி, மூக்கண்டப்பள்ளி மாந்தோப்பில், கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்குப் போய் சைடரை ஊற்றித் தொலைத்தாரே!

"என்னாடா சொல்றாங்க?" என்றார் மணியக்காரர் பல்லெல்லாம் தெரிய.

துரை நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டிருந்தான். திம்மப்பன் கிணற்றடியைப் பார்த்தார். சென்னம்மா கழுவின இலையைக் கையில் பிடித்தபடி எழுந்து நின்றிருந்தாள். அவளுக்கு ஒரு வார்த்தை இங்கிலீஷ் தெரியாது. ஆனாலும் நாற்காலி நகர்ந்த விதம் அவளுக்குப் புரிந்துவிட்டது. இலையிலிருந்து தண்ணீர் அவள் பாதத்தில் சொட்டிக்கொண்டிருந்தது.

எனக்குத் தெரியும் அம்மா, தெரிந்துதான் மாற்றினேன், நல்லதை எனக்காக ஒளித்து வைத்தேன் என்று துரைசானியிடம் சொல்லலாம். அவள் ஒருவேளை சிரித்தும்விடலாம். இரண்டு பேரும் அடிக்குழியைப் பற்றியும் குமிழியைப் பற்றியும் இரண்டு வார்த்தை பேசலாம். ஆனால் திருடனை வைத்துப் பரிமாறும் வீட்டில் துரை நிலம் வாங்குவானா? குடிசை போகும். சும்மா இருந்தாலும் போகும். போகாமல் இருக்க ஒரே ஒரு பொய்தான் உண்டு. அதைத் தவிர வேறு எந்தப் பொய்யையும் அவர் சந்தோஷமாகச் சொல்லியிருப்பார்.

"மேடம்" என்றார் திம்மப்பன் இங்கிலீஷில். "முதலாளி மேல் தப்பில்லை. அவர் நல்ல ஷாம்பெயின்தான் வாங்கினார். லேபிள் போய்விட்டது. எனக்கு..." கோட்டின் மேல் பொத்தானைத் தொட்டுக்கொண்டார். "எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. தப்பான புட்டியைத் திறந்துவிட்டேன். நல்லது கிணற்றில் இருக்கிறது. ஒரு நிமிஷம்."

கிணற்றுக்குப் போய்க் கயிற்றை இழுத்தார். ஈரச்சாக்கை அவிழ்த்தார். புட்டி உள்ளங்கையில் ஜில்லென்று இருந்தது. பந்தலுக்குக் கொண்டுவந்து, சத்தமில்லாமல் திறந்து, சாய்த்த கோப்பையில் சுவரோரமாக வழியவிட்டு, நுரை விளிம்பைத் தொட்டு இறங்கும்வரை காத்திருந்து ஊற்றினார். இப்படி ஊற்றுகிறவனுக்கு வித்தியாசம் தெரியாமல் இருக்குமா என்று அவள் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. வேலைக்காரனின் கையை யார் பார்க்கிறார்கள்?

துரைசானி குடித்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். கண் திறந்தபோது ஈரமாக இருந்தது. "ஆமாம்" என்றாள். "இது அதுதான்." பிறகு புருஷன் பக்கம் திரும்பி, மிகவும் அன்பாக, இரக்கமாக ஒரு வார்த்தை சொன்னாள். துரை விழுந்து விழுந்து சிரித்தான்.

"இப்ப என்னாடா சொன்னாங்க?" என்றார் மணியக்காரர்.

திம்மப்பன் புட்டியின் ஈரத்தைத் துணியால் துடைத்தார்.

"கேக்கறனில்ல? சொல்லுடா!"

தோப்பே காது கொடுத்தது. டீ அடுப்பருகே கோவிந்தன் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். திம்மப்பன் மாவிலைத் தோரணத்தைப் பார்த்தபடி வார்த்தை வார்த்தையாகச் சொன்னார்.

"வீட்டுக்காரரு யோக்கியருதான், வேலக்காரன் பாவம், அவனுக்கு என்னா தெரியும்னாங்க. நொரை வந்தா போதும், இவங்களுக்கு எல்லாம் ஒண்ணுதான்னாங்க, சாமி."

முதலில் சிரித்தது கோவிந்தன். அடுப்பைப் பிடித்துக்கொண்டு, மூச்சு முட்ட, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். அப்புறம் சென்னப்பன், கணக்குப்பிள்ளை, பரிமாற வந்தவர்கள், இலை கழுவின பெண்கள். மணியக்காரர், "எரும! பட்லராம் பட்லரு!" என்று தொடையில் தட்டினார். காரியம் பழுத்துவிட்ட குஷியில் அவருக்குக் கோபமே வரவில்லை. சாப்பாடு முடிந்ததும் துரை முன்னாலேயே, பெரிய மனுஷன் என்று காட்டிக்கொள்ள, குடிசைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார்.

கார் போன பிறகு திம்மப்பன் கோப்பைகளைப் பொறுக்கினார். ஷாம்பெயின் புட்டி காலி. துரைசானியின் கோப்பையில் ஒரு விரற்கடை கிடந்தது. வெயிலில் சூடேறி, நுரை அடங்கி. அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். பிறகு மாமரத்தடியில் கவிழ்த்துவிட்டுக் கழுவப் போனார்.

சென்னம்மா பத்திரத்தை மஞ்சள் துணியில் சுற்றி, கூரை இறவாணத்தில் சொருகினாள், எடுத்தாள், மறுபடி சொருகினாள். களியைக் கிண்டித் தட்டில் போட்டு அவர் எதிரே வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் அப்படி உட்கார்ந்ததில்லை.

"இந்தாய்யா, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்குவியா?"

"கேளு."

"நெசமாவே உனுக்கு வித்தியாசம் தெரியலியா?"

திம்மப்பன் அவள் முகத்தைப் பார்த்தார். அவள் மெழுகின சுவரைப் பார்த்தார். தெரியும் என்று சொன்னால் எதற்கு மாற்றினாய் என்று கேட்பாள். ஒரு கோப்பைக்காக இந்தச் சுவரைப் பணயம் வைத்தேன் என்று அவளிடம் சொல்ல வேண்டியிருக்கும்.

"தெரியல" என்றார்.

சென்னம்மா சிரித்தாள். கேலியாகச் சிரிக்கவில்லை, பெரிய பாரம் இறங்கினவள் மாதிரி, வாய்விட்டு.

"நான் அப்பவே நெனச்சேன்" என்றாள். "இத்தன வருசமும் சும்மா பீத்திக்கினு இருந்தியே, மனுசா. சாப்புடு, ஆறுது."

திம்மப்பன் களியை ஒரு உருண்டை பிட்டு, குழம்பில் தோய்த்து, விழுங்கினார்.